சொட்டு நிற்கவில்லை

8.3.84 வியாழன்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. வண்டியின் கார்புரேட்டர் வேலை முடிந்தது. நானே பிரித்து, நானே பூட்டியது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த மோட்டார் புத்தகத்தில் படம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. அட்டை இல்லாத புத்தகம், இங்கிலீஷ் வேறு. படம் போதும்.

வண்டி அக்கா வீட்டுக்காரர் செல்வராசு மாமாவுடையது. இங்கே குரும்பலூரில் வீடு வீடாகப் பால் எடுத்து, பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஊற்றுகிறார். சைக்கிளில் போனபோது கோடையில் பால் வழியிலேயே திரிந்துவிடும். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் இந்த மோட்டார் சைக்கிள். கொஞ்ச நாளாகப் புகை, இழுவை இல்லை. பெ.லூர் மெக்கானிக்கிடம் விடுங்கள் என்று அக்கா சொன்னதற்கு, "வூட்டுலயே மெக்கானிக்க வச்சிக்கிட்டு டவுனுக்கு எதுக்குப் போவணும்" என்றாராம். கேட்டவுடனே ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

செய்தவை: ஜெட், அதாவது பெட்ரோல் போகிற பொடித் துளை, குத்தி ஊதியது. பெட்ரோல் தேங்குகிற கிண்ணம் மண்ணெண்ணெயில் கழுவியது. கிண்ணத்து விளிம்பில் வைக்கிற பேக்கிங் புதிது, காலண்டர் அட்டையில் வெட்டியது. கிண்ணத்துக்குள் மிதக்கிற பித்தளை டப்பா, ப்ளோட், கன்னங்கரேல் என்று இருந்தது. அக்கா குடம் துலக்குகிற புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். தங்கம்! உள்ளே போட்டு மூட மனசே வரவில்லை. எதிர்வீட்டில்கூடக் காட்டினேன்.

முதல் உதையிலேயே ஸ்டார்ட். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

9.3.84 வெள்ளி

ஒழுகுகிறது.

விடியற்காலை வண்டிக்கு அடியில் மண் நனைந்திருந்தது. ஆடு ஏதாவது என்று நினைத்தேன். குனிந்து மோந்தால் பெட்ரோல். கிண்ணத்தின் விளிம்பில் சொட்டு, சொட்டு.

மாமா அப்படியே கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெட்ரோல் டேப்பைத் திறந்து கொஞ்ச தூரம், மூடிக் கொஞ்ச தூரம் என்று டவுன் வரைக்கும் ஓட்டிப் போயிருக்கிறார். வண்டி விக்கும், குனிந்து திறப்பார், மறுபடி மூடுவார். அதே கையால் கேன் மூடியைத் திறந்திருக்கிறார். கேனைச் சுற்றிய சாக்கும் நனைந்திருந்ததாம்.

டீக்கடைக் கண்ணுசாமி மோந்து பார்த்துவிட்டு, "ராசு, இதுல டீ போட அடுப்பே வாணாம்போலருக்கே, குச்சியக் கிழிச்சாப் போதும்" என்றாராம். கடையில் எல்லோரும் சிரிப்பு. மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எளம்பலூர்க்காரர் ஒருவர் தினமும் கேனோடு வந்து, தன் பாலை ஊற்றட்டுமா என்று கேட்கிறாராம். கண்ணுசாமி செவ்வாய் வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடை போனால் மாமாவுக்கு ஊற்ற வேறு இடமில்லை.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

10.3.84 சனி

பேக்கிங்தான் என்று நினைத்து வேறு வெட்டினேன். தடி அட்டை. ஒழுகுகிறது. விளிம்பில் பார் சோப் அப்பினேன். ஒழுகுகிறது. ஸ்குரூவை இறுக்கினேன், ஒன்று மரை கழன்று சும்மா சுற்றுகிறது. இன்றைக்கு எதைத் தொட்டாலும் இப்படி.

மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெ.லூர். நல்ல வெயில், செருப்பு தாரில் ஒட்டியது. மெக்கானிக் பார்த்தவுடன் கேட்டது ஒன்றே ஒன்று, யார் பிரித்தது என்று. நான்தான் என்றேன்.

"ஒருத்தன் கைவச்ச கார்புரேட்டர நான் தொடறதில்ல தம்பி. அப்பறம் எல்லாம் என் தலையில வுடியும். பிரிச்சவனே பூட்டு."

கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பெரிய வித்தைக்காரர் மாதிரி. சோப்பைப் பார்த்து அவர் ஆள் சிரித்தான்.

திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

11.3.84 ஞாயிறு

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ப்ளோட்டைக் கையில் எடுத்துச் சும்மா ஆட்டினேன். உள்ளே சளக் சளக். காலி டப்பாவுக்குள் எப்படிப் பெட்ரோல்? வெந்நீரில் அமுக்கினால் ஓரத்து ஒட்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ். அந்த ஒட்டு மெல்லிய ஈயம். செங்கல் தூளில் தேய்த்தே தின்றுவிட்டேன்.

பெட்ரோல் ஏறினால் டப்பா மிதந்து, மேலே இருக்கிற ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் ஓட்டையை அடைக்கணும். டப்பாவே மூழ்கிக் கிடந்தால் யார் அடைப்பது?

மாமாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ. அடிப்பார் என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன். டப்பாவை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பளபளன்னுதான் இருக்கு மாப்ள" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

12.3.84 திங்கள்

காலை மாமா சைக்கிளில் ஒரு கேன் மட்டும். பாதிப் பால் திரிந்துவிட்டது. மிச்சம் கண்ணுசாமி வாங்கிக்கொண்டார், இரக்கத்தில்.

நான் பஸ் பிடித்து அரியலூர். கூடப் படித்த முருகேசன் அங்கே ரேடியோ ரிப்பேர் செய்கிறான். வழியெல்லாம் சிமெண்டு லாரி, தலை நரைத்துவிட்டது. புது ப்ளோட் இரண்டு கடையில் கேட்டேன், இந்த மாடலுக்குத் திருச்சியில்கூட இருக்குமோ இருக்காதோ என்றார்கள். முருகேசன்தான் பற்ற வைத்தான். டப்பாவுக்குள் புகுந்திருந்த பெட்ரோலை ஆவியாக்கி, ஓரம் முழுக்க ஈயம் இழுத்தான். "கொஞ்சம் தாராளமாவே வச்சிருக்கன்டா, இனிமே ஜென்மத்துக்கும் ஒழுவாது" என்றான். கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. கனமானால் தாழ்ந்து மிதக்கும், தாழ்ந்து மிதந்தால் ஊசி முழுக்க ஏறாது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வேறு வழி என்ன இருக்கிறது, நாளைக்குச் செவ்வாய்.

சாயங்காலம் மாட்டினேன். டேப்பைத் திறந்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். சொட்டு இல்லை. ரொம்ப நேரம் இல்லை! அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சாடா?" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு. நின்றுவிட்டது என்றேன். மாமா கேன்களைச் சுடுதண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவினார். புதுச் சாக்கு எடுத்து வைத்தார்.

சாமியே, ஆடாமல் நின்றால் ஒழுகவில்லை. ஓடும்போது?

13.3.84 செவ்வாய்

மாமா கிளம்பினார். நான் சைக்கிளில் பின்னாலேயே. ஊர் எல்லை வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஒன்றுமில்லை. அப்புறம் பள்ளம் மேடு வந்த இடத்தில் புழுதியில் ஒரு கறுப்புப் புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு வரிசையாக. சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் மாமா இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கடைக்கு வெளியே பெஞ்சில். வண்டி நிழலில். கேனைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கண்ணுசாமி மூடியைத் திரும்பப் போட்டுவிட்டாராம். உள்ளே எளம்பலூர்க்காரர் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாமா இரண்டு டீ சொன்னார். எனக்கு வேண்டாம் என்றேன். குடி என்றார். கண்ணுசாமி டீயைக் கொண்டுவந்து வைத்தபோது மாமாவைப் பார்க்கவில்லை. காசும் வாங்கவில்லை.

மாமா ஊதி ஊதிப் பாதி குடித்தார். கிளாசைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி கலக்கல. நல்ல பாலு" என்றார்.

நானும் குடித்தேன். நல்ல பால்தான்.