விரித்த கத்தியோடு எடுத்த படம்

வெள்ளி, இரவு.

என் வலக்கையே, கேள்! இன்று நீ செய்த பிழை பெரிது. முல்லைத்தீவில், இராணுவம் பிடித்த காணிகளை விடுவிக்கக் கேட்ட கூட்டத்தில் ஒலிவாங்கியின் கம்பி அறுந்தது. மாங்காய் சீவவும் கயிறு அறுக்கவும் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடக்குக் கத்தியால் கம்பியைச் சீவி இணைத்தேன். ஒலி வந்த மகிழ்ச்சியில் கத்தியை மடக்க மறந்து, அதை உயர்த்தியபடியே முழங்கிவிட்டேன். அப்போது யாரோ எடுத்த படம் இப்போது ஊரெங்கும் பரவுகிறது.

"கதைக்கத் தொடங்கினா உங்கட கை தன்ர பாட்டுக்குப் போகும். நாளைக்குப் பொலிஸ் வந்தா என்னப்பா சொல்லப் போறியள்?" என்றாள் மனைவி.

என்னைப் பிடித்தால் தாங்குவேன். காணி கேட்டு வந்த பெண்களையும் கலகக்காரர் என்பார்களோ? நான் கம்பி இணைத்ததிலிருந்தே கூட்டத்துக்கு வந்திருந்த இளைஞன் செல்வன் காணொளி எடுத்தான். எழு! அவனை இப்போதே அழை. முழுவதையும் வெளியிடச் சொல்!