தயங்காமல் கேட்கவும்

அன்புள்ளவருக்கு (பழக்கதோஷம், இருந்துவிட்டுப் போகட்டும்),

ஆபரேஷன் முடிந்த அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கத்தான் இங்கே வந்தேன். பின்னாலேயே என் துணிப்பெட்டியையும் அனுப்பிவிட்டீர்கள்.

மேலே இருந்த சீட்டைப் படித்தேன். 'இனி நமக்குள் சரிவராது' என்று ஒரே வரி. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேட்கவும் என்று இன்னொரு வரி.

அந்த இரண்டாவது வரியைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உங்கள் வேலை விண்ணப்பத்தை நான் டைப் அடிக்கும்போது, "கடைசில கெத்தா ஏதாவது போடேன்" என்றீர்கள்.

வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதானே என் பிழைப்பு? 'சந்தேகம் இருப்பின் அணுகவும்', 'விளக்கம் வேண்டுமெனில் தெரிவிக்கவும்', 'உதவக் காத்திருக்கிறோம்' என்று அதையே விதவிதமாக எழுதுவேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டாள்: "இதுக்கெல்லாம் என்னக்கா அர்த்தம்?"

"பேச்சு முடிஞ்சுது, கெளம்புன்னு அர்த்தம்."

"நெஜமாவே யாராவது கேட்டுட்டா?"

"அதே வரிய வேற மாதிரி எழுதி அனுப்பு."

அதனால் ஏன், எப்போதிலிருந்து என்றெல்லாம் கேட்டு உங்களைச் சிரமப்படுத்தமாட்டேன். தயங்க வேண்டாம் என்று நீங்களே சொன்னதால் ஒன்றே ஒன்று.

குளித்த துண்டைக்கூடச் சுருட்டி நாற்காலியில் எறிகிறவர் நீங்கள். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். இந்தப் பெட்டியில் என் துணிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து வைத்தது யார்?

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்காதவள்