பழைய வீலுக்கு ஒரு மசக்கை

மஸ்கட்

அன்புள்ள கோமதித்தாய்க்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? அம்மாவின் கால்வீக்கம் வற்றியதா? போனில் சொன்னால் ஸ்பீக்கரில் வீடே கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

நான் ஓட்டும் காருக்கு முதலாளி மகன் பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் மாட்டிவிட்டான். டயர் வாங்கவேண்டிய அடியை இப்போது முதுகு வாங்குகிறது. நேற்று வேகத்தடையில் பின்சீட்டில் இருந்த முதலாளியின் அம்மா அலறிவிட்டார். திட்டு எனக்கு. மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை, தலையணை வைத்து ஓட்டுகிறேன்.

வளைகாப்பு முடிந்து உன்னை இளையரசனேந்தலுக்கு அழைத்துப்போக வரும் உன் தம்பி இசக்கித்துரையும் அதே மாதிரி வீல்தான் மாட்டியிருக்கிறான். கண்ணாடி போன்ற இந்த ரோட்டிலேயே இப்படி என்றால், அந்த ரோட்டை நினைத்துப் பார். கழற்றிய வீல்கள் அவன் தொழுவில்தான் கிடக்கின்றன. நான் சொன்னால், "அத்தானுக்குப் பொறாமை"ம்பான். வாயும் வயிறுமாக இருப்பவள் ஆசைப்பட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். மாங்காய் கேட்பதுபோல், "ஏலே, பழைய வீல் போட்ட கார்லதான் வரணும்னு ஆசையா இருக்கு"ன்னு கேள்.

வளைகாப்பன்று உன் வளையல் சத்தத்தைப் பதிந்து அனுப்பு. இங்கே என்னோடு அறையில் தங்கும் கடையநல்லூர் காதர் அண்ணாச்சி ஊருக்கு வந்திருக்கிறார். திரும்பும்போது அவரிடம் முதுகுத் தைலம் கொடுத்துவிடு. கூப்பிடுகிறார்கள், எழுந்திருக்கவே நேரமாகிறது. தைலம் பெரிய பாட்டிலாகவே இருக்கட்டும்.

உன்
சங்கரபாண்டி