குவியலுக்கு மூன்று பொய் வார்த்தைகள்

அடியே,

இன்று காலை நெடுங்காட்டுப் பேருந்தில் உன் வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் ஒரு களத்துமேட்டை ஒட்டிப் பேருந்து நின்றது. அடித்துப்போட்ட புது வைக்கோல் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அது மூக்கில் ஏறியதும் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது: ஹீப், பைல், ஸ்டாக், மவுண்ட், மாஸ். பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, “என்ன பாப்பா, மந்திரமா?” என்று கேட்டார். பழைய நானாக இருந்தால், “ஆமாங்க, கீரை விலை குறையறதுக்கு” என்றிருப்பேன். இன்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பில் நீ எழுதிய கட்டுரைகளில் எல்லாமே ‘எ லாட் ஆஃப்’தான். எ லாட் ஆஃப் நெல், எ லாட் ஆஃப் தண்ணீர், எ லாட் ஆஃப் மாடு. இங்கிலீஷ் டீச்சர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் சுழித்துவிட்டு நோட்டைத் தூக்கிக் காட்டினார். “இது கட்டுரையா, லாட்டரிச் சீட்டா?” வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான். நீ திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, நீயும் சிரித்தாய்.

மத்தியானம் குழாயடியில் சோற்றுப் பாத்திரம் கழுவும்போது கேட்டாய்: “ஏன்டி, நெறையன்னு சொல்ல அவங்ககிட்ட வேற வார்த்தையே கெடையாதா?”

“இருக்குடி, மூட்டை மூட்டையா. நான் தரேன்.”

எனக்கு அது பொழுதுபோக்கு. உனக்கு அப்படி இல்லை. உன் அப்பா முன்பே சொல்லிவிட்டார்: “பாஸ் பண்ணா மேல படி. இல்லன்னா அம்மாவோட நடவுக்குக் கௌம்பு.” மற்ற பாடங்களில் உனக்குப் பயமில்லை. இங்கிலீஷ் ஒன்றுதான் குறுக்கே நின்றது. “ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஒரு வேலை பாக்கணும்டி. அது போதும் எனக்கு” என்பாய்.

அன்றிலிருந்து தினமும் ஒரு வார்த்தை. உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவை வரிசையாக ஏறின. நான் வார்த்தையைச் சொல்வேன், அதற்குள் என்ன கிடக்கிறது என்று நீ சொல்வாய். “தூத்திக் குவிச்ச நெல்லு அம்பாரம், அது ஹீப்பு. ஒழுங்கா அடுக்குன வைக்கப்போரு, அது ஸ்டாக்கு. சரியா?” அகராதியைப் புரட்டிப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும். பைல் என்ற வார்த்தை வந்த நாளில், “இத ஒண்ணா மட்டும் எழுது. ரெண்டாக்கி பைல்ஸுன்னு எழுதிடாத, பஸ் ஸ்டாண்டு செவுத்துல விளம்பரம் ஒட்டியிருக்காரே, அந்த டாக்டர் வந்துடுவாரு” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பாத்திரம் கைநழுவிச் சாக்கடையில் விழுந்தது.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊர்வழக்கில் சொல்தா. எங்கள் வீட்டில் சோற்றோடு கொஞ்சம் பிரெஞ்சும் பிசைந்திருக்கும். ‘சொல்தா வீட்டுப் பெண்’ணுக்கு வெள்ளைக்காரர்களின் பாஷை எல்லாமே தண்ணீர்பட்ட பாடு என்று நீ நம்பினாய். பள்ளிக்கூடமே அப்படித்தான் நம்பியது. நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு எனக்குக் குறும்பு ஏறியது. அப்பா சாப்பிடும்போது சொல்கிற பிரெஞ்சு வார்த்தைகளில் மூன்றை எடுத்து, இங்கிலீஷ் என்று சொல்லி உன்னிடம் தள்ளிவிட்டேன். நிறைய என்பதற்குப் போகூ. குவியலுக்குத் தா. கூட்டத்துக்கு ஃபூல்.

“ஃபூலுன்னா முட்டாள் இல்லையாடி?”

“கூட்டமா சேந்தா எல்லாரும் முட்டாள்தானே. அதனாலதான் அந்தப் பேரு.”

நீ தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாய். எழுத்துக்கூட்டைக்கூட என்னிடமே கேட்டுக்கொண்டாய். மறுநாள் உடைத்துச் சொல்லி உன்னிடம் நாலு அடி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் உனக்கு வீட்டில் அறுவடை வேலை, நீ வரவில்லை. அதற்கடுத்த நாள் படிப்பு விடுமுறை விட்டுவிட்டார்கள். எனக்கு மறந்தே போனது.

இங்கிலீஷ் தேர்வில் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பு அறுவடை நாள். மணி அடித்ததும் வராந்தாவில் ஓடி வந்து என் கையைப் பிடித்தாய். “எல்லாத்தையும் போட்டுட்டேன்டி! போகூ ஆஃப் நெல்லு, ஃபூல் ஆஃப் பொம்பளைங்க. லாட்டு ஒண்ணுகூடக் கெடையாது!” அப்போதுதான் எனக்கு அந்த மூன்றும் ஞாபகம் வந்தது. ஆனாலும் சிரித்தேன். என் வாய்க்குப் பழகியது அது ஒன்றுதான்.

நாலு மதிப்பெண்ணில் தோற்றாய். அந்த மூன்று வார்த்தைகளால்தான் போனாய் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அவற்றால் இல்லை என்றும் சொல்ல முடியாது. நீ உன்னைத்தான் திட்டிக்கொண்டாய். “கட்டுரை நல்லாத்தான் எழுதினேன். கிராமர்ல கோட்ட விட்டுட்டேன் போல” என்றாய். நான், “இருக்கும்” என்றேன்.

அப்பாவிடம் கெஞ்சி அக்டோபர் தேர்வுக்குச் சம்மதம் வாங்கினாய். ஆனால் அதுவரை நடவு. புரட்டாசியில் உன்னிடம் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி வயலுக்கே வந்தேன். முழங்கால் சேறோடு, “வாங்க பட்டணத்தம்மா, செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க” என்று கூப்பிட்டாய். வரப்பில் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாய். அந்த மூன்றையும் சேர்த்து.

“கடைசி மூணு வேணாம்டி. அத எழுதாத.”

“ஏன்?”

“அது... பழைய வார்த்தை. இப்ப யாரும் எழுதறதில்ல.”

“போடி. நீ குடுத்ததுல அதுதான் எனக்கு நல்லா நிக்குது.”

நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாய். அடுத்த வாரம் வந்து சொல்லலாம் என்று பேருந்து ஏறினேன். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நீ கண்ணை மூடியபோது தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

அதனால்தான் இன்று உன் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லாததை அவர்களிடமாவது சொல்லிவிடலாம் என்று. உன் அம்மா பேசவிடாமல் என்னைச் சோற்றுக்கு உட்கார வைத்தார்கள். பிறகு உன் தங்கையை முன்னால் தள்ளி, “சின்னவளுக்கும் நீயே சொல்லிக் குடும்மா. நீதான் எல்லாம் சொல்லிக் குடுத்தன்னு பெரியவ சொல்லிக்கிட்டே இருப்பா” என்றார்கள்.

“அம்மா, நான் அவளுக்குப் பொய்யாச் சொல்லிக் குடுத்தேங்க. இங்கிலீஷே இல்லாதத இங்கிலீஷுன்னு சொன்னேங்க. அவ பெயிலானது என்னாலதாங்க.”

உன் அம்மா சிரித்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

“அவ சொல்லுவா, நீ வாயத் தொறந்தா கேலிதான்னு. எங்கள சிரிக்க வைக்கணும்னு இவ்ளோ தூரம் வந்தியாம்மா?”

“நெசமாத்தாங்க.”

அதற்கு இன்னும் சிரித்தார்கள். நான் வாழ்நாளில் சொன்ன ஒரே கனமான உண்மை அது, அதையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் இப்படித்தான் சிரிப்பார்கள். நம்பக்கூடியவள் நீ ஒருத்திதான்.

உன் தங்கை பென்சிலைச் சீவிவிட்டு, புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “சொல்லுங்கக்கா” என்றாள்.