சேமமாய் வந்து சேர்ந்தேன்

1961 ஜூன் 7

என்னைப் பெத்த அய்யா வந்துவிட்டுப் போனார். ஒரு பை கத்திரிக்காய், பத்து போஸ்ட் கார்டு. கார்டு பத்திலும் தன் ரெட்டியார்சத்திரம் விலாசத்தை அவரே எழுதியிருக்கிறார். பின்பக்கம் “சேமமாய் வந்து சேர்ந்தேன்” என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், இங்கே தாடிக்கொம்பில் வந்து இறங்கினதும் நான் ஒன்றைத் தபால் பெட்டியில் போட வேண்டும்.

“கார்டு வரலேன்னா எனக்குச் சோறு எறங்காது தாயி.”

முப்பத்தாறு வயசு எனக்கு. நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற டீச்சர். இந்த மனுசரை என்னதான் செய்ய?

அவருக்குத் தெரியாத சங்கதி: அவர் ஊரிலேயே, பஸ் ஏறுவதற்கு முந்தியே போட்டுவிடுவேன். தொல்லை விட்டது. ஒரு தடவை பஸ் வழியில் படுத்துவிட்டது. நான் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன், “வந்து சேர்ந்தேன்” கார்டு அங்கே பெட்டிக்குள் கிடக்கிறது.

1961 ஜூன் 12

மாயி இன்று திண்டுக்கல் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்ந்தாள். நாளையிலிருந்து தனியாக பஸ்.

மாயம்மாள் என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. வீட்டுக்காரரின் அண்ணன் மகள். பிரசவத்தில் தாய் போக, இருபத்தெட்டாம் நாள் என் கைக்கு வந்தாள். அவளுக்கும் இது தெரியும். வெளியே சொல்ல முடியாத ஒரு நிம்மதி எனக்கு இதில் உண்டு. அய்யாவின் ரத்தம் இவளுக்குக் கிடையாது. இந்தப் பயம் அவருக்கு அவங்கய்யாவிடமிருந்து வந்ததாம், எனக்கு அவரிடமிருந்து. இந்தப் பாழாய்ப்போன நடுக்கம் என்னோடு ஒழியட்டும். இவள் அவங்க வீட்டுப் பிள்ளை. கூரை தீப்பிடித்தாலும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எழுந்திரிக்கிற சாதி ஜனம்.

கண்டக்டர் நூர் முகமதுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பஸ் திரும்பி வரும்போது ஒரு குரல் கொடுத்தால் போதும்.

1961 ஜூன் 13

“பிள்ளை எறங்கிருச்சு டீச்சர்!” என்றார். அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

1961 ஜூலை 3

காலையில் மாயிக்கு வயிற்றுவலி. ஓமத் தண்ணி கொடுத்தேன். பஸ் போனதும் சரியாகிவிட்டது.

1961 ஜூலை 6

மறுபடி வயிற்றுவலி. மறுபடி பஸ் போனதும் சரி. நேற்றானால், ஸ்டாப்புக்குப் பாதி வழி போனவள் திரும்பி ஓடி வந்து வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள்! அது என் வேலை. எம்புட்டு வருசமா நான் செய்யிற வேலை.

1961 ஜூலை 11

பாதி நாள் வயிற்றுவலியென்று நின்றுவிட, பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். அந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்களாம். ஆறாவதோடு நின்றால் அப்புறம் என்ன? கத்திரிக்காய் பறிக்கப் போவாளா?

அய்யா கேள்விப்பட்டு வந்து, “புள்ளைய வீட்டுல வச்சுக்க தாயி, காலம் கெட்டுக் கெடக்கு” என்கிறார். நான் கத்திவிட்டேன். வந்த காலோடு திரும்பிப் போய்விட்டார். கத்தியிருக்க வேண்டாம். ஆனா கத்தாம எப்படி இருக்கறது?

1961 ஜூலை 14

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “ஒண்ணுமில்லை. பயம்தான். வீட்டுல வேற யாருக்கு இப்படி?”

என் வீட்டுக்காரர் அலுங்காமல் என்னைக் கை காட்டினார்.

“அப்ப ரத்தத்துல வந்திருக்கும்மா.”

“எந்த ரத்தத்துல? இவ உடம்புல என் ரத்தம் ஒரு சொட்டு கெடையாது!” சத்தம் வெளியே வரை கேட்டிருக்கும். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வரும் வழியில் இவர் சொல்கிறார்: “ரத்தத்துல வரலேன்னா என்ன சொர்ணம்? பதினோரு வருசமா நீதானே சோத்தோட சேத்து ஊட்டுற.” சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குடிக்கட்டும். நல்லாக் குடிக்கட்டும்.

1961 ஜூலை 16

மாயியிடமே கேட்டேன்.

“பஸ்ஸுல போகப் பயமாடி?”

“இல்லையே. நூரு மாமா ஜன்னலோரமா உக்கார வைப்பாரு.”

“பள்ளிக்கூடத்துல அடிக்கிறாங்களா?”

“இல்லம்மா.”

“பின்ன என்னதான்டி ஒனக்கு?”

தாவணி நுனியை— தாவணி எங்கே, என் பழைய சேலைத் துண்டு அது— அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“பஸ் கெளம்பறப்ப ஒன் மூஞ்சியப் பாப்பேன். என்னமோ நடக்கப் போகுதுன்னு தோணும். நீ பெரியவ. ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?”

இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

1961 ஜூலை 17

ஸ்டாப்புக்குப் போகவில்லை. நூர் முகமதுவிடம், இனிமேல் குரல் கொடுக்க வேண்டாம் என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. வாசலிலேயே “போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, விளக்கின பாத்திரத்தையே மூணு தடவை விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டேன், ஒரு பிள்ளை திருத்தியது.

சாயங்காலம் வந்தாள். “சோத்துக்கு என்னம்மா வெஞ்சனம்?” என்றாள். அவ்வளவுதான். நான்தான் அடுப்படியில் நின்று அழுதேன்.

1961 ஆகஸ்ட் 9

மாயிக்கு வயிற்றுவலி இல்லை. எனக்குத்தான் இருக்கிறது. சொல்லிக்கொள்வதில்லை.

1964 மார்ச் 22

அய்யாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தகரப்பெட்டியில் என் கார்டுகள், வருசவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தது. இவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார்.

“சொர்ணம், எல்லாத்துலயும் ரெட்டியார்சத்திரம் தபால் முத்திரையில்ல இருக்கு. தாடிக்கொம்புல போட்டா இது எப்படி விழும்?”

முத்திரையை நான் நினைத்ததே இல்லை. அய்யா பார்க்காமலா இருந்திருப்பார்? முதல் கார்டிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் அடுத்த பத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். என்ன மனுசரய்யா நீங்க! ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

1967 ஜூன் 19

மாயி மதுரைக்குப் போனாள். டீச்சர் டிரெயினிங், ஹாஸ்டல். இவர் கொண்டுபோய் விடுகிறார். நான் வாசலோடு நின்றுகொண்டேன். முகத்தை ஒழுங்காகவே வைத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

உலை வைக்க அரிசிப் பானையைத் திறந்தால் மேலே பத்து கார்டு. விலாசம் அவள் ஹாஸ்டலுக்கு, அவள் கையெழுத்தில். பின்பக்கமும் அவளே எழுதியிருக்கிறாள்: “பயப்படாமல் இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அம்மா.” வாரத்துக்கு ஒன்று போட வேண்டுமாம். கூட ஒரு துண்டுச் சீட்டு: “கார்டு வரலேன்னா எனக்குப் படிப்பு ஓடாது.”

ஏன்டி, இதை ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நல்ல கேள்விதான் கேட்கிறேன்.

முதல் கார்டை இப்போதே போட்டுவிட்டு வந்தேன். அவள் பஸ் இன்னும் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்காது. சோறு வடித்துத் தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். இறங்கவில்லை.