சேவல் மேல் போட்ட பழி

மார்பிள்ஹெட்,
1814 மார்ச் 9

அன்பு மகன் அமோஸுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எலும்பும் தோலுமாகச் சுகமாக இருக்கிறோம், கர்த்தர் கிருபையால் நீயும் சுகமாக இருப்பாய், கொஞ்சம் சதையோடு இருந்தால் இன்னும் நல்லது. என் எழுத்து நண்டு ஓடின மாதிரிதான் இருக்கும், பொறுமையாகப் படி.

உன் கடிதம் கைதிகளை மாற்ற வந்துபோகும் வெள்ளைக்கொடிக் கப்பலில் வந்தது. சரக்குக் கப்பலில் இருந்த உன்னை இங்கிலாந்துப் போர்க்கப்பல்காரன் இழுத்துக்கொண்டு போய் மூன்று வருஷம். நம் நாட்டுக்கும் அவர்களுக்கும் சண்டை வந்ததும் நம் ஆட்களைப் பார்த்துப் பீரங்கி சுடமாட்டேன் என்றாயாம், அதற்காக இங்கிலாந்தில் பிளிமத் துறையில் ஒரு பழைய கப்பலுக்குள் அடைத்திருக்கிறார்களாம். அம்மா கேட்டுவிட்டு அழுதாள், பிடிவாதம் அப்பனைப் போலவே என்று என்னையும் ஒரு பிடி பிடித்தாள். இங்கே துறைமுக வாயிலில் அவர்கள் கப்பல் இரண்டு நிற்கிறது, நம் படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, மீன் காயவைக்கும் பரணில் காக்கைதான் காய்கிறது. இன்றைக்குச் சோள ரொட்டியும் சிப்பியும், நாளைக்கு ஒரு மாறுதலுக்குச் சிப்பியும் சோள ரொட்டியும்.

இப்போது முக்கியமான விஷயம். நீ இங்கே பிறந்தவன் என்று சத்தியப் பத்திரம் வந்தால் கைதிகளை மாற்றும் கப்பலில் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் மறுபடி அவர்கள் பீரங்கிக்குப் பின்னால்தான் என்று எழுதியிருந்தாய். அதனால் போன செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும், உனக்குப் பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டு எப்சிபா அத்தையும் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனோம். அத்தை பைபிளில் கைவைத்து நீ பிறந்த நாளையும் அன்றைக்கு அடித்த பனிக்காற்றையும் சொன்னாள். உடம்பில் அடையாளம் என்ன என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். இடது காது மடலில் கிழிசல், எப்சிபா வீட்டுச் சேவல் கொத்தியது என்று அம்மா சொன்னாள். அவர் பேனா நின்றுவிட்டது. நீ பதினாறு வயதில் கடலுக்குப் போனபோது துறைமுகச் சுங்கச் சாவடியில் அடையாளம் எழுதினார்களே, அதன் நகல் அவர் மேசையில் இருந்தது. அதில் தூண்டில் முள் கிழித்த வடு என்று இருக்கிறது, இரண்டு காகிதமும் சேர்ந்துதான் இங்கிலாந்துக்குப் போகும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் இது வேறு யாருடைய காகிதமோ என்று தூக்கிப் போடுவார்கள் என்றார்.  

வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன். “சேவல் இல்லீங்க ஐயா, என் தூண்டில்தான். பையனுக்கு நாலு வயசு, இவ வேண்டாம்னு சொல்லியும் படகுல கூட்டிட்டுப் போனேன். வீசும்போது காதுல மாட்டிடுச்சு” என்றேன். சுங்கச் சாவடியிலும் சத்தியம் வைத்துத்தான் கேட்டார்கள், அங்கேயும் உள்ளதைத்தான் சொன்னேன்; அன்றைக்கு நீ வாசலில் நின்றாய், உன் அம்மாவும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்சிபா அத்தை மெதுவாகத் திரும்பினாள். “காதைக் கொத்துச்சுன்னு என் சேவலை அடிச்சு வச்ச சூப்புல மூணு கிண்ணம் குடிச்சியே சிலாஸு” என்றாள். அம்மா மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. தூண்டில் என்றே எழுதிக்கொள்ளுங்கள், புருஷன் பொய்யன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் முதலாவதை மட்டும் எழுதினார்.

திரும்பும்போது பத்தடி முன்னாலேயே நடந்தாள். பரண் பக்கம் வந்ததும் நின்றாள். “பிள்ளை ரொம்ப அழுதானா?” என்று கேட்டாள். காதில் ரத்தம் வழிய வழிய, மீன் மாட்டிச்சா அப்பா என்றுதான் கேட்டான் என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆகவே மகனே, சின்ன வயதிலிருந்து சேவல் சேவல் என்று சொல்லி உன்னையும் நம்பவைத்துவிட்டேன். அவர்கள் காதைப் பிடித்துக் கேட்டால் சேவல் என்று வாயைத் திறந்துவிடாதே. அப்பன் தூண்டில் என்று சொல், எனக்கு வெட்கமில்லை. பத்திரம் இதே கப்பலில் வருகிறது. கம்பளிக் காலுறையைக் கழற்றாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. எப்சிபா அத்தைக்கு நாம் ஒரு சேவல் தரவேண்டும், அதை நீதான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமாம்.

உன்னைப் படைத்தவர் உன் தலைமுடி ஒன்றும் விழாமல் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள். என் காதை அவள் இன்னும் திருகவில்லை, நீ வந்து பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் திருகுவாளாம். காது காத்திருக்கிறது, சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் காதைக் கிழித்த அப்பா
சிலாஸ் ட்ரெஃப்ரி