ஒரே துரையின் கீழ் இரண்டு குடும்பங்கள்

மழை விட்டபாடில்லை. நம் மகளோடு படுத்திருக்கும் என் அண்ணையின் சின்ன மகளுக்குக் குளிர்காய்ச்சல். பெட்டியின் அடியில் கிடந்த உங்கள் கறுத்தக் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டேன். விரித்தபோது விறகுப் புகையின் மணம் எழுந்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகியும் அது போகவில்லை.

ஓம், அண்ணைதான். எங்கள் கலியாணத்துக்கு வராத அதே அண்ணை. ஆமி முன்னேறி வருகுது என்றதும் வலிகாமம் முழுவதும் ஒரே பொழுதில் எழும்பி, மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்து வந்துவிட்டது. எங்கள் ஊர் இணுவிலில் இப்போது ஒருவரும் இல்லை. இங்கே சாவகச்சேரியில் அண்ணைக்கு உரிமையோடு கதவைத் தட்ட இருந்தது நம் வீடு ஒன்றுதான்.

நீங்களும் ஒரு நாள் அப்படித்தான் வந்தீர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எரிந்துபோக, இந்தக் கம்பளியோடு, நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் வந்து தங்கினீர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டேன்.

“எதைச் சொல்றதுங்க டீச்சர்? தேயிலை நட எங்க பாட்டனாரை வெள்ளைக்காரன் கூட்டியாந்தான். வர்ற காட்டு வழியிலேயே கூட வந்தவங்க பலபேர் செத்தாங்களாம். அங்க போனா சிலோன்காரன்னு சொல்றாங்க. இங்க இந்தியாக்காரன்னு சொல்றாங்க.”

அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

உங்களைக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் அண்ணை குதித்தார். “தோட்டக்காட்டானுக்கோ? எங்கடை அப்பப்பா தோட்டத்திலை பெரிய கிளாக்கர். வெள்ளைத் துரை கைகுடுத்துக் கதைச்ச மனிசன்!”

உங்களிடம் அதைச் சொல்லி அழுதேன். நீங்கள் எந்தத் தோட்டம் என்று விசாரித்தீர்கள். உங்கள் தாத்தா கொழுந்து பறித்த அதே தோட்டம். “அப்ப வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க பேரை செக்ரோல்ல எழுதினது உங்க தாத்தாதான்” என்று மறுபடியும் சிரித்தீர்கள். ஒரே துரை. அவர் கொடுத்த சம்பளத்தில் என் அப்பப்பா இணுவிலில் கல்வீடு கட்டினார். உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. போர்த்தக் கொடுத்த கம்பளிக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். துரைமார் கப்பலேறிப் போன பிறகு, கல்வீட்டுக்காரர் இந்த நாட்டுப் பிரசைகள். லயத்துக்காரர் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை.

குடியுரிமை கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு நாம் எத்தனை தடவை ஏறி இறங்கினோம்! “எங்கை பிறந்தனீர்?” “இங்கதாங்க.” “தகப்பன்?” “அவரும் இங்கதாங்க.” “பாட்டன் இஞ்சை பிறந்ததுக்கு என்ன அத்தாட்சி?” அங்கிருந்தவர்களும் தமிழர்தான். நான் சண்டை பிடித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தீர்கள். “விடு, அவங்க சட்டத்தைத்தானே கேக்குறாங்க.” யாருடைய சட்டம் என்று ஒருநாளாவது நீங்கள் கேட்டிருக்கலாம். காய்ச்சலில் நீங்கள் கண்மூடும் வரைக்கும் அந்தக் குடியுரிமைக் கடதாசி வரவில்லை.

நேற்று அண்ணை பக்கத்துக் காணிக்குத் தண்ணீர் அள்ளப் போனவர், வாளி வெறுமையாகத் திரும்பி வந்தார். கிணற்றுக்காரர் எந்த ஊர், எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்டாராம்.

“என்னைப் பாத்துக் கேக்கிறான், தங்கச்சி! நாங்கள் என்ன நாடில்லாத சனமோ? அப்பப்பா கட்டின வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் வந்தனாங்கள்.”

“அண்ணை, இவரிட்டையும் இதைத்தானே கேட்டவை. சாகும் வரைக்கும் கேட்டவை.”

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரது தாடையிலிருந்து மழைத்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“அது வேறை” என்றார்.

என்ன வேறு? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை இருமினாள். கஞ்சியை வார்த்து, முதல் கோப்பையை அண்ணையின் கையிலேயே கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவருக்கு வேறு என்ன செய்வது?

உங்கள் சிரிப்பு எனக்கு வாய்க்கவில்லை. நீங்கள் படாத கோபமெல்லாம் என்னிடந்தான் இருக்கிறது. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அப்பாவின் தோட்டத்தின் பெயரை முதலிலும் இணுவிலை அடுத்தும் சொல்ல நம் மகளைப் பழக்கியிருக்கிறேன். இன்று காலை அண்ணைக்கு முன்னால் வைத்தே சொன்னாள், சத்தமாக.